சரக்கு முதலில், ஆள் பின்னால்

"கீழ இருக்கிறவன் மேல இருக்கிறவனை நம்பாம கெணறு எறக்க முடியுமா?"

ஜான்சன் ஒருநாள் என்னிடம் இப்படிக் கேட்டார். பள்ளிக்கூடத்தில் படித்த எதிலும் அதற்குப் பதில் இல்லை. அவர் ஏன் கேட்டார் என்று புரிய வேண்டுமானால் நடந்ததை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

ஜான்சன் காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கைக்காரர். உறைக்கிணறு இறக்குவது அவர் தொழில். சிமெண்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒருவர் உள்ளே உட்கார்ந்து அடிமண்ணைப் பறிப்பார். பறிக்கப் பறிக்க உறை தன் பாரத்திலேயே கீழே இறங்கும். மேலே ஒருவர் கப்பியில் கயிறு போட்டு மண் வாளியை இழுத்துக் கொட்டுவார். உள்ளே எப்போதும் ஜான்சன். மேலே எப்போதும் பாண்டியன். இரண்டு பேருக்கும் மீசை முளைத்த காலத்திலிருந்து அப்படித்தான். பாண்டியன் பக்கத்து ஊர் விவசாயக் குடும்பம். கிறிஸ்துமஸ் அன்று ஜான்சன் வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு.

இருப்பது ஒரே கயிறு என்பதால் அந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. சரக்கு முதலில், ஆள் பின்னால். வாளி மேலே போய்க் காலியான பிறகுதான் கயிற்றில் பலகை கட்டி ஆளுக்கு இறக்குவார்கள். அதுவரை உள்ளே இருப்பவர் தலைக்கு மேல் தெரிகிற வட்ட வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ஜான்சனுக்கு ஒரே பொழுதுபோக்கு. மகள் சிம்ரனின் போனில் இங்கிலாந்து வீடியோ பார்ப்பார். அங்கே ஒரு ஆள் மண்ணுக்குள் உலோகம் தேடும் கருவியோடு, உழுத வயலில் நடப்பான். அது கூவுகிற இடத்தில் தோண்டுவான். எழுநூறு, எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய வெள்ளிக் காசுகள் கொத்துக் கொத்தாகக் கிடைக்கும். ஒரு பக்கம் சுருட்டை முடி ராஜா, சின்னப் பிள்ளை வரைந்த மாதிரி. மறுபக்கம் ஓரம்வரை நீண்ட சிலுவை.

"ஓரத்தை நறுக்கி வெள்ளி திருடுவாங்களாம்பா. அதுக்குத்தான் சிலுவையை ஓரம் வரைக்கும் நீட்டியிருக்காங்க. நறுக்கினா தெரிஞ்சிடும்" என்று சிம்ரன் அர்த்தம் சொன்னாள்.

"சிலுவையைப் பார்த்துக்கினே நறுக்கினானுங்களா? பாவிங்க."

அவர் திரும்பத் திரும்பப் பார்த்தது வீடியோவின் கடைசிப் பகுதியை. அந்த ஆள் காசுகளை அரசாங்கத்திடம் ஒப்படைக்கிறான். கண்ணாடிப் பெட்டிக்குள் காசு. அதன் கீழே ஒரு அட்டையில் கண்டெடுத்தவன் பெயர். ஜான்சன் இறக்கிய கிணறுகளில் பாதி ஊர் தண்ணீர் குடிக்கிறது. கிணற்றுச் சுவரில் வீட்டுக்காரர் பெயர் இருக்கும், வருஷம் இருக்கும். அவர் பெயர் எங்கேயும் இல்லை.

"நமக்குக் கெடைச்சா நாமும் கொடுத்துடணும்" என்பார்.

"உனுக்குப் புழுதான் கெடைக்கும்" என்பார் மனைவி ஏஞ்சல்.

போன சித்திரையில் செவிலிமேட்டில் பஞ்சாட்சரம் என்பவரின் புது வீட்டில் வேலை. வீட்டுக்காரர் டீ வாங்கப் போயிருந்தார். கடப்பாரை எதிலோ பட்டு, ஓடு உடைகிற சத்தம் கேட்டது. ஜான்சன் கையால் துழாவினார். உடைந்த கலயம் ஒன்று. அதற்குள் புளியங்கொட்டை போலக் கறுத்து ஒட்டிக்கிடந்த காசுகள். ஒன்றை எச்சில் தொட்டுத் தேய்த்தார். வெள்ளை தெரிந்தது. ராஜா இல்லை, சிலுவை இல்லை. உருது போல வளைந்த எழுத்து.

"பாண்டியா, வெள்ளிபா. கலயம் நெறைய வெள்ளிக் காசு."

மேலே கப்பிச் சத்தம் நின்றது. பிறகு, "இன்னாது?"

"காசுபா. ஆபீசுல கொடுத்துடலாம். நம்ம ரெண்டு பேர் பேரும் போடுவாங்க."

"சரி, அனுப்பு."

இரண்டு கையாலும் அள்ளி வாளியில் போட்டார். கலயத்து ஓடுகளையும் மண்ணையும்கூட விடவில்லை. வாளி ஆடி ஆடி மேலே போனது. வட்ட வானத்துக்குள் பாண்டியன் தலை வந்தது, பிறகு போனது.

கயிறு இறங்கவில்லை. காசைக் கழுவுகிறார் போலிருக்கிறது என்று ஜான்சன் நினைத்தார். கழுவக் கூடாது என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். "கழுவாதபா, மண்ணோட இருக்கணும்" என்று கீழேயிருந்து கத்தினார். சிரித்துக்கொண்டுதான் கத்தினார். அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு உடம்பு கூசும்.

ஒரு வழியாகப் பலகை இறங்கியது. மேலே வந்தபோது பாண்டியன் குத்துக்காலிட்டுப் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். வாளி கழுவிக் கவிழ்த்திருந்தது. வேலை முடியாமல் கிணற்றுக்காரன் எவனும் வாளி கழுவ மாட்டான்.

"எங்கபா?"

"எது?"

"இன்னா வெளாட்டு இது? காசு."

"மண்ணு வந்துச்சு, கொட்டினேன். தோ கெடக்குது பாரு."

அந்த நேரம் பஞ்சாட்சரம் டீயோடு வந்தார். ஜான்சன் எல்லாவற்றையும் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர் பாண்டியன் பக்கம் திரும்பி, "இன்னா பாண்டியா, இவன் இன்னா சொல்றான்?" என்றார்.

"உள்ள காத்து இல்ல சார். கண்டது எல்லாம் தெரியும். பாவம்."

அந்தப் 'பாவம்'தான் ஜான்சனைக் குத்தியது. மண் குவியலிலிருந்து கலயத்து ஓடு ஒன்றை எடுத்துக் காட்டினார். "காஞ்சிபுரத்துல எங்க தோண்டினாலும் ஓடு வருது" என்றார் பஞ்சாட்சரம்.

வீட்டுக்குப் போனதும் ஏஞ்சல் அவருடைய அரைக்கால் சட்டையை அலசினார். பாக்கெட்டுச் சேற்றிலிருந்து ஒரு காசு உதிர்ந்தது. அள்ளும்போது நழுவி விழுந்திருக்க வேண்டும். சாட்சி கிடைத்துவிட்டது என்று ஜான்சனுக்கு அழுகையே வந்தது. காசைத் தாளில் மடித்துக்கொண்டு அப்போதே செவிலிமேட்டுக்கு நடந்தார்.

பஞ்சாட்சரம் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ காசு இருந்துது."

"ஆமா சார், அதான் சொன்னேன்."

"உன் பாக்கெட்டுல."

ஜான்சன் காசை வாங்கித் திரும்பவும் தாளில் மடித்தார். மறுநாள் அந்த ஒற்றைக் காசை அரசு அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். வாங்கி வைத்தவர் தன்மையாகத்தான் கேட்டார்: "மீதி எங்கேங்க?" நியாயமான கேள்வி. பாண்டியனிடம் இருக்கிறது என்றார் ஜான்சன். பாண்டியனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் மண் வந்தது என்றார். அவர் வீட்டில் ஒன்றும் கிடைக்கவில்லை.

கிடைக்காது. பாண்டியனின் மச்சான் கிழிந்த பட்டுப்புடவைகளை வாங்கி, எரித்து, ஜரிகையிலிருந்து வெள்ளி எடுக்கிறவர். பட்டு நெய்கிற ஊரில் அப்படிப்பட்ட கொட்டகையில் வெள்ளி இருந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

ஜான்சன் ஒருநாள் பாண்டியனைப் பாலாற்றுப் பாலத்துக்கிட்டே பிடித்தார்.

"உருக்கிட்டியாபா?"

பாண்டியன் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வெள்ளிக்கு மூஞ்சி ஏதுபா."

"எழுத்து இருந்துதுபா. நான் கண்ணால பார்த்தேன்."

"நீ பார்த்த. கொடுத்துடலாம்னு நீயே சொல்லிட்ட. என்னை ஒரு வார்த்தை கேட்டியா? கெணறு ரெண்டு பேருது, வாய் மட்டும் உன்னுதா? உனுக்குப் பேரு வேணும். எனக்குப் பேரு இருக்குது, நான் சொன்னா ஊரு நம்பும்."

கேட்டிருக்க வேண்டும் என்று ஜான்சனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் ஒன்றை விட முடியவில்லை. "வேணும்னு கேட்டிருந்தா உன் பங்கைப் பத்தி வாய தொறந்திருக்க மாட்டேன்பா. என்னை ஏன் காத்து இல்லாம உளர்றவன் ஆக்கின? கடைசில திருடனா நிக்கிறேன்."

பாண்டியன் வண்டியைக் கிளப்பினார். அவர் இப்போது வேறு ஆளோடு வேலைக்குப் போகிறார். அவரை எல்லாரும் கூப்பிடுகிறார்கள்.

ஜான்சனைக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. டீக்கடையில் உட்கார்ந்தால், "காசு எங்கபா பொதைச்சி வெச்சிருக்க?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். காசோடு தன் பெயர் சேர வேண்டும் என்று ஆசைப்பட்டார், அது சேர்ந்துவிட்டது. வீடியோ பார்ப்பதை விட்டுவிட்டார்.

எப்போதாவது வேலை வந்தால் மேலே கயிறு பிடிப்பது ஏஞ்சல். வேறு யாரோடும் இறங்க ஜான்சனுக்குக் கால் வரவில்லை. நம்பாமல் இறங்க முடியாது என்பதுதான் அவர் கேள்விக்குப் பதில் என்று இப்போது நினைக்கிறேன். பாண்டியனுக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

காசு உருகிவிட்டது, அதைத் திரும்பக் கேட்க முடியாது. ஜான்சனின் பெயர் இன்னும் உருகவில்லை. செவிலிமேட்டிலோ, சின்ன காஞ்சிபுரத்திலோ, பஸ்ஸிலோ, "புதையலை அமுக்கின கெணத்துக்காரன்" என்று யாராவது பேச்செடுத்தால், அவர்களை நிறுத்தி, வாளி முதலில் போனதையும் ஆள் பின்னால் வந்ததையும் சொல்லுங்கள். கேட்டவர்களையும் இன்னொருவருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.