தேனில் உருட்டிய கொயினா

யுத்தம் வருவதற்கு முந்தின மார்கழியில், செஞ்சி மலை ஏறுவதென்று நானும் என் மனைவி கமலமும் விழுப்புரத்திலிருந்து புறப்பட்டோம். வைத்தியர் இல்லாத கிராமங்களில் தங்க வேண்டியிருக்கும் என்பதால் ஒரு பிஸ்கோத்து டப்பா நிறைய மருந்து சேர்த்திருந்தேன். காயத்துக்கு டிஞ்சர், கிணற்றுத் தண்ணீரில் கலக்கப் பெர்மாங்கனேட், வயிற்றுக்கு விளக்கெண்ணெய், மலேரியா என்கிற முறைக்காய்ச்சலுக்குக் கொயினாத் தூள்.

"மல ஏறப் போறமா, ஆஸ்பத்திரி தொறக்கப் போறமாங்க?" என்று கமலம் கேலி செய்தாள். ஆனாலும் கசப்பென்றால் நான் படுத்தும் பாடு தெரிந்தவள். கொயினா முழுவதையும் தேன் விட்டுப் பிசைந்து, மாத்திரையாக உருட்டி, நிழலில் உலர்த்திக் கொடுத்தாள்.

காலை ரயிலில் திண்டிவனம். அங்கிருந்து மேல்சித்தாமூர் பன்னிரண்டு மைல். மாட்டுவண்டிக்கு ஒன்றரை ரூபாய். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வியாபாரத்தில் எனக்குச் சிநேகிதரான நேமிநாத நயினார் வீட்டில் இறங்கும்போது மாலை ஐந்து மணி. மனிதர் இரண்டு கம்பளிக்குள் கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தார். அந்த நிலையிலும், "ஜல்தியா எல போடு, பொழுது சாயறதுக்குள்ள அவங்க சாப்புடட்டும்" என்று மனைவியை விரட்டினார். ஜைனர் வீடு, பொழுது சாய்ந்தபின் அங்கே யாரும் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் காய்ச்சல். "இன்னொரு தபா வந்தா தாங்க மாட்டாருங்க" என்று அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பெருமையாக டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையை நீட்டினேன். வாயருகே கொண்டுபோன நயினார் நிறுத்தி முகர்ந்தார்.

"தேன் வாசன வருதேங்க?"

கமலம் ஆமென்றாள். அவர் மாத்திரையை என் உள்ளங்கையில் திருப்பி வைத்தார்.

"நாங்க தேன் தொட மாட்டோம். எத்தினி உசுரு அதுல! தப்பா நெனச்சிக்காதீங்கம்மா."

கமலத்தின் முகம் சுண்டிவிட்டது. எனக்குக் கோபம்தான் வந்தது. உயிருக்கே ஆபத்து வந்திருக்கிற நேரத்தில் தேனாவது ஒன்றாவது என்று சொல்ல வாயெடுத்தேன். கமலம் கிள்ளினாள்; அடங்கினேன்.

தபாலாபீசிலேயே கொயினாப் பொட்டலம் விற்ற காலம் அது. மறுநாள் காலை செஞ்சிக்கு ஏழெட்டு மைல் வண்டியில் போனோம். பொட்டலங்களோடு வெளியே வந்தபோது மணி பன்னிரண்டு. எதிரே நாங்கள் ஏற வந்த ராஜகிரி மலை. எத்தனை வருஷ ஆசை! ஆனால் ஏறி இறங்கினால் பொழுது சாய்வதற்குள் நயினாரிடம் திரும்ப முடியாது. இன்றே ஒரு வேளை உள்ளே போனால்தான் நாளைய முறையைத் தடுக்கலாம். நான் மலையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மல எங்கியும் ஓடிப்பூடாதுங்க. பொழுதுதான் ஓடிப்பூடும்" என்றாள் கமலம்.

வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

வெயில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தோம். நயினார் தூளை நாக்கில் போட்டு வெந்நீர் குடித்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, அழுதுகொண்டிருந்த மனைவியே சிரித்துவிட்டார்.

"யப்பா, இம்மாங் கசப்பா! அம்மா, நீங்க தேன் போட்டதுல தப்பே இல்ல" என்றார் நயினார். அப்போதுதான் கமலத்துக்கு முகம் தெளிந்தது. எனக்கு அந்த மனிதர்மேல் பிரியம் பொங்கியது.

மறுநாளும் விடிந்ததிலிருந்து வேளை தவறாமல் கொடுத்தோம். இரவு ரயிலைப் பிடிக்க மாலை ஐந்து மணிக்கு வண்டி கட்டினோம். செஞ்சி மலையை அடிவாரத்தில் நின்று பார்த்ததோடு சரி; விழுப்புரத்தில் கேட்பவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. "போதும், திரும்புங்க" என்று நயினாரின் மனைவி பின்னாலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். காய்ச்சல் வரவேண்டிய அந்த நேரத்தில், நயினார் எங்கள் வண்டியோடு பேசிக்கொண்டே ஊர்க்கோடிவரை நடந்து வந்தார்.