வாபஸ் வாங்கிய பிராது

என் வயிற்றின் இடது பக்கம் ஒரு பை ஒட்டியிருக்கிறது. மலம் அதில்தான் வந்து சேரும். குடலில் கட்டி வந்தது. பாண்டிச்சேரியில் ஆபரேஷன் செய்து, வெளியே போக வயிற்றில் வழி வைத்தார்கள். இதை நாசூக்காகச் சொல்ல எனக்கு வராது. "வயித்துல ஏதோ சின்னப் பிரச்சனையாமே" என்று விசாரிக்க வந்த சொந்தக்காரர்களை நான் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த புதிதில் என் வீட்டுக்காரர்தான் பையைக் கழற்றிச் சுத்தம் செய்தார். நான் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருப்பேன். இத்தனை வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவர் எதிரில் நான் புடவைகூட மாற்றியதில்லை.

"மூஞ்ச ஏன் திருப்பிக்கற? எரு அள்ளுன கையி இது. கருவேப்பிலங்குறிச்சி வயலுக்கு நான் அள்ளாத எருவா?"

"அது மாட்டோடது."

"மாடு கூச்சப்படாம நிக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. செத்திருந்தால் தேவலை என்றிருந்தது.

உடம்பு கொஞ்சம் தேறியதும் செராமிக் பட்டறை வேலைக்குத் திரும்பப் போனேன். அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளுக்கு ஓரம் சீவும் வேலை. உட்கார்ந்து செய்வதுதான். பையின் மேல் பழைய புடவைத் துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. முதல் நாளே பை சத்தம் போட்டது. நாம் அடக்கி அடங்குகிற சத்தம் இல்லை அது. வரும்போது வரும்.

"யாருக்கா அது, காலையிலயே மொச்சக்கொட்டையா?" என்றாள் எதிரில் இருந்தவள். எல்லோரும் சிரித்தார்கள். வேறு நாளாக இருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன், அவளைவிட மோசமாக ஏதாவது சொல்லியும் இருப்பேன். அன்று கையிலிருந்த பொம்மையை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். சூளைச் சூடு ஒத்துக்கொள்ளவில்லை என்று மேஸ்திரியிடம் பொய் சொன்னேன். பிறகு வேலைக்கென்று வாசல் தாண்டவில்லை.

மறுபடி பாண்டிச்சேரிக்குக் காட்டப் போனபோது, மூன்று மாதம் கழித்து வாருங்கள், குடலைத் திரும்பச் சேர்க்க முடியுமா என்று பார்ப்போம் என்று டாக்டர் சொன்னார். என் காதில் மூன்று மாதம், சேர்ப்பது என்ற இரண்டும்தான் விழுந்தன. என் வீட்டுக்காரர் காதிலும் அப்படித்தான்.

"கொளஞ்சியப்பருக்கும் மூணு மாசந்தான் கெடு. பிராது குடுத்துருவோம்" என்றார்.

எங்கள் பக்கத்தில் மாடு காணாமல் போனாலும், நிலத்தை ஏமாற்றி எழுதிக்கொண்டாலும், போலீசுக்குப் போகிற மாதிரி மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரிடம் போவார்கள். குறையைத் தாளில் எழுதிச் சாமி முன்னால் வைத்து வாங்கி, முனியப்பர் சந்நிதி வேலில் கட்டிவிட வேண்டும். மூன்று மாதத்துக்குள் சாமி விசாரித்துத் தீர்த்துவிடுவார். தீர்ந்ததும் மறுபடியும் போய்ப் பிராதை வாபஸ் வாங்க வேண்டும். டாக்டர் கெடுவும் சாமி கெடுவும் ஒன்றாக இருக்கவே, காரியம் முடிந்த மாதிரியே நாங்கள் இரண்டு பேரும் நம்பினோம்.

கோயிலில் பிராது எழுதுகிற இடத்தில் எனக்கு முன்னால் நின்ற ஸ்ரீமுஷ்ணத்துக்காரர் கொல்லையில் மோட்டார் திருடியவன் மேல் எழுதினார். என் முறை வந்தது.

"யாரு மேலம்மா பிராது?" என்றார் எழுதுகிறவர்.

"என் வயித்து மேல."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, உடல்நிலைக் குறை என்று எழுதினார். நான் சந்நிதிக்குள் போகவில்லை. மலத்தைக் கட்டிக்கொண்டு எப்படிப் போவது? என் வீட்டுக்காரர் மட்டும் தாளை உள்ளே கொண்டுபோய் வந்தார். நான் வெளியே, செருப்பு விடுகிற இடத்தில் நின்றேன்.

மூன்று மாதம் முடிந்து பாண்டிச்சேரிக்குப் போனோம். டாக்டர் பார்த்துவிட்டு, சேர்க்க முடியாது, இனி ஆயுசுக்கும் இப்படித்தான் என்றார். திரும்பும் பஸ்ஸில் பை ஓரம் விட்டுக் கசிந்தது. பக்கத்தில் இருந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து முன்னால் போனாள். என் வீட்டுக்காரர் தோள் துண்டை என் மடியில் போட்டுவிட்டு, அவள் இடத்தில் வந்து உட்கார்ந்தார். விருத்தாசலம் வரும்வரை துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தேன். எனக்கு அழுகைகூட வரவில்லை, ஆத்திரம்தான். அவள் மேல் இல்லை, சாமி மேல்.

மறுநாளே கோயிலுக்குக் கிளம்பினேன். கும்பிட இல்லை. செய்யாத சாமியிடம் என் தாள் எதற்கு என்றுதான்.

"நடந்துடுச்சாம்மா?" என்றார் பிராது எழுதுகிற அதே ஆள்.

"நடக்கல. வாபஸ் வாங்கிக்கறேன்."

"நடக்காம யாரும் வாபஸ் வாங்க மாட்டாங்களே."

"இனிமே நடக்காதுன்னுட்டாங்க. அப்பறம் இவரு எதை விசாரிப்பாரு?"

சொல்லி முடித்தபோது என் கோபம் பாதி இறங்கியிருந்தது. முடியாது என்பதை நானே என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் வாபஸ் தாளை எழுதினார். பிறகு, "உள்ள போயி சாமிகிட்டயே சொல்லிட்டு வாங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் தாளுக்குக் கையை நீட்டினார்.

"நானே போறேன்" என்றேன்.

கூட்டம் இருந்தது. வரிசையில் உடம்பெல்லாம் கூசியது, ஒரு தூண் ஓரமாக ஒதுங்கி நின்றேன். கொளஞ்சியப்பர் உருவம் இல்லாத சாமி. தானாக முளைத்த கல். முகம் சுளிக்க அவருக்கு முகமே கிடையாது என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் தெம்பு வந்தது. என்னை இப்படியே வைத்திருக்கிறாய், இப்படியேதான் வந்திருக்கிறேன், பார்த்துக்கொள் என்று மனதுக்குள் சொன்னேன். வேறு வேண்டுதல் எதுவும் வரவில்லை.

மணி அடிப்பது நின்ற நேரம் பார்த்துப் பை சத்தம் போட்டது. முன்னால் நின்ற அம்மாள் திரும்பினார். என் பின்னால் நின்ற என் வீட்டுக்காரர் உடனே, "நான்தாங்க, மன்னிச்சுக்கங்க" என்றார்.

எனக்கு முகம் எரிந்தது. பட்டறையில் எழுந்து ஓடியது ஞாபகம் வந்தது. கால் இப்போதும் ஓடத்தான் பார்த்தது.

"அவரு இல்லங்க. நான். ஆபரேஷன் பண்ணி வயித்துல பை வச்சிருக்குது" என்றேன். 

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதுக்கு ஏம்மா தூண் மறவுல நிக்கற? அங்கேருந்து சாமி தெரியாது. இப்படி வா" என்று என் முழங்கையைப் பிடித்து முன்னால் இழுத்தார்.

தீபாராதனை காட்டினார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்தது.