இரண்டு டிகிரியும் ஒரு வலது காலும்

நர்ஸ் வேலைக்கு வருகிறவர்களிடம் ஊர் கேட்கும் கேள்வி, "ரத்தத்தைப் பார்த்தா பயமில்லையா?" பி.எஸ்சி. முடித்துவிட்டு நர்ஸ் ஆனவர்களிடம் கேட்பது, "வேற வேலை கிடைக்கலையா?" என்னைப் போல முதல் டிகிரியை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வார்டில் வந்து மாட்டிக்கொண்ட சகோதர சகோதரிகளே, இரண்டாவது கேள்விக்கு நல்ல பதில் ஏதாவது இருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

மறுபடியும் முதல் வருஷம்

நான் படித்தது மைக்ரோபயாலஜி. மூன்று வருஷம் கிருமிகளை வளர்த்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, பெயர் சொல்லி மார்க் வாங்கினேன். பிறகு ஒரு லேபில் வேலை. அங்கே புது மிஷின் ஒன்று வந்தது. நாங்கள் செய்த வேலையை அது டீக்குப் போகாமல் செய்தது. வெளியே வந்தவர்களில் நானும் ஒருத்தி. பெங்களூரில் நர்ஸுக்கு எப்போதும் வேலை உண்டு என்று யாரோ சொல்ல, நர்ஸிங் காலேஜில் மறுபடியும் முதல் வருஷம் சேர்ந்தேன். பி.யூ.சி. முடித்த கையோடு வந்த பெண்கள் என்னை லெக்சரர் என்று நினைத்து எழுந்து நின்றார்கள்.

அப்பா ஸ்ரீராம்புரத்தில் தெருத்தெருவாகப் போய்த் தண்ணீர் வால்வு திறந்துவிடும் வேலை பார்த்தவர். என் படிப்பைப் பற்றி டீக்கடையில் பீற்றிக்கொள்வார். பெட்பேன் அலம்புவதும் நர்ஸிங்கில் ஒரு பாடம் என்று தெரிந்த அன்று, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டார்: "இதுக்கா மூணு வருஷம் மைக்ராஸ்கோப்புல கண்ண வெச்ச?"

திராட்சை வாசனை

படிப்பு முடிந்து எனக்குக் கிடைத்தது ஆண்கள் சர்ஜிகல் வார்டு. அங்கேதான் செல்வராஜ் வந்து சேர்ந்தார். ஈஜிபுரா ஆட்டோ டிரைவர், பழைய சுகர் பேஷண்ட். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓட்டுகிறவர். பிரேக் பெடல் தேய்த்துத் தேய்த்து வலது பாதத்தில் புண் வைத்துவிட்டது. சர்க்கரை பாதத்தின் உணர்ச்சியை ஏற்கெனவே தின்றுவிட்டதால் அவருக்குத் தெரியவேயில்லை. வீடு கூட்டும்போது தரையில் ஈரத் தடத்தைப் பார்த்து மனைவி கலாதான் கண்டுபிடித்தாராம். கால் பிழைத்தால் ஆட்டோ ஓடும், ஆட்டோ ஓடினால் வீடு ஓடும்.

கட்டு மாற்றுவது என் வேலை. "எத்தினி வேணா இழுங்க சிஸ்டர், அதுக்கு ஒண்ணும் தெரியாது" என்று காலை நீட்டுவார். ஒருநாள் கட்டைப் பிரித்தால், துணியில் பச்சையும் நீலமுமாகக் கறை. கூடவே ஒரு தித்திப்பு வாசனை, நம் பெங்களூர்க் கருநீலத் திராட்சையை நசுக்கினாற்போல. காலேஜில் அந்த வாசனையை வைத்தே கிருமியின் பெயரைச் சொல்லி சபாஷ் வாங்கியவள் நான். பழக்க தோஷம், "சூடோமோனாஸ்!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன், அதுவும் பிராக்டிகல் பரீட்சையில் பாஸானவள் மாதிரி. லேசில் மருந்துக்கு மசியாத கிருமி அது. செல்வராஜ் மாஸ்க்குக்கு மேலே என் கண்ணைப் பார்த்துவிட்டு மனைவியிடம் திரும்பினார்: "சிஸ்டர் கண்ணே சிரிக்குது பாரு. நல்ல சேதிதான் போல."

டாக்டர் சொல்வார்

நம் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு, உங்களுக்குத் தெரியாததில்லை. ஊசி போடலாம், மலம் அள்ளலாம், செத்தவரின் கண்ணை மூடலாம். சேதியை மட்டும் நாம் சொல்லக்கூடாது. "டாக்டர் சொல்வார்" என்பதோடு நம் பேச்சு முடிந்துவிட வேண்டும்.

மருந்தை மாற்றினார்கள். இன்னொன்றுக்கு மாற்றினார்கள். வாசனை போகவில்லை. கலா தினமும் டியூட்டி ரூம் வாசலில் வந்து நிற்பார், "காலு நிக்குமா சிஸ்டர்?" எல்லாம் தெரிந்துகொண்டே தெரியாதவள் மாதிரி நிற்பதைப்போலக் கேவலம் வேறு இல்லை. "டாக்டர் சொல்வாருக்கா" என்றேன். கலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவரு இங்கிலீஷ்ல சொல்றாரு, புரியல. நீங்க தமிழ் தெரிஞ்சும் சொல்ல மாட்டேங்கறீங்க."

டை கட்டியவன்

என்னோடு பி.எஸ்சி. படித்த கணேஷ் இப்போது மருந்துக் கம்பெனி ரெப். டை கட்டிக்கொண்டு டாக்டருக்காக வராந்தாவில் காத்திருந்தான். நர்ஸ் உடையில் என்னைப் பார்த்ததும் அவனுக்குச் சங்கடம். டாக்டர் ரூம் வாசலில் கால் கடுக்க நிற்பதை நான் பார்த்துவிட்டதில் இன்னும் சங்கடம். செல்வராஜ் கதையைச் சொல்லி, "நம்ம சூடோமோனாஸுக்கு உன் பையில ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். அவனும் அதே வாசனையை மோந்து படித்தவன்தானே, பையைத் திறக்கவேயில்லை. "புதுசா ஒண்ணு வரப்போவுதாம். அது வர்ற வரைக்கும் கால வெச்சிருக்கச் சொல்லு."

எந்தக் கால்?

முழங்காலுக்குக் கீழே எடுப்பதென்று முடிவாயிற்று. டாக்டர் சொன்னார், இந்த முறை கலாவுக்குப் புரிந்துவிட்டது.

தியேட்டருக்கு அனுப்பும் முன் நோயாளியிடம் நாம் கேட்டே தீரவேண்டிய சில கேள்விகள் உண்டு. பெயர் என்ன, என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம்? தெரிந்த பதிலாக இருந்தாலும் அவர் வாயால்தான் வரவேண்டும். பக்கம் மாறி வெட்டிவிடாமலிருக்க நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. ஆனால் தினம் கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டே அதைக் கேட்க வேண்டியிருந்தது. பெயரைச் சொன்னார். "காலு எடுக்கறது" என்றும் சொன்னார். "எந்தக் கால்ணா?" என்று கேட்டேன். செல்வராஜ் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பிரேக் போடற காலு."

ஆறின புண்

சில வாரம் கழித்து, ஊன்றுகோலோடு புண்ணைக் காட்ட வந்தார். ஆட்டோவை மச்சான் ஓட்டுகிறாராம். பிரித்துப் பார்த்தேன். தையல் போட்ட இடம் சுத்தமாகக் கூடியிருந்தது, எந்த வாசனையும் இல்லை. எனக்கு உண்மையாகவே சந்தோஷம். "சூப்பரா ஆறிடுச்சுண்ணா" என்றேன். அவர் லுங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு, கால் இருந்திருக்க வேண்டிய இடத்தைக் காட்டினார்: "இருந்த வரைக்கும் ஒரு நாளும் வலிக்கல சிஸ்டர். இப்ப இல்லாத பாதம் வலிக்குது, இன்னா பண்றது?"

அந்த வலிக்கு ஒரு பெயர் உண்டு, பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்; அவருக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் நான் வாங்கிய இரண்டு டிகிரியிலும் இல்லை.