மூன்றாம் தரம் பார்க்கச் சொன்னவர்

குணரத்தினம் இறந்த செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்கு எனக்கு வந்தது. செபம் முடித்துக் காபிக்குத் தண்ணீர் வைத்திருந்தேன். அவர் மனைவி வதனி தொலைபேசியில் அழைத்தாள். "மதாம், அவர் விடிய நித்திரையாலை எழும்பேல்லை" என்றாள். அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றும் வரை இருவரும் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே இருந்தோம். பிறகு அவளே கேட்டாள்: "வீட்டிலை அவரின்ரை துவக்கு இருக்கு மதாம். அதை நான் என்ன செய்யிறது?" ஈழத்தவர் துப்பாக்கியைத் துவக்கு என்றுதான் சொல்வார்கள்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு என்னிடம் ஒரு பக்கம் கேட்டார்கள். எழுத மறுத்தேன். வதனியின் கேள்விக்கு அப்போது பதில் கிடைத்திருக்கவில்லை. சென்ற சனிக்கிழமை கிடைத்துவிட்டது. ஆகவே நம் சங்க இதழில் இப்போது எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு மேல் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குணத்தைப் பாரிசுக்கு அருகே ஒபர்வில்லியேயில் மரப்பட்டறை வைத்திருந்தவராக உங்களுக்குத் தெரியும். லா ஷப்பல் தமிழ்க் கடைத்தெருவில் பாதிக் கடைகளின் கல்லா மேசைகள் அவர் இழைத்தவை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவர் எங்கே போனார் என்பது உங்களில் சிலருக்கே தெரியும். ஓல்னே-சூ-புவாவுக்கு அப்பால் உள்ள ஒரு சுடுதளத்துக்குப் போனார். ஐம்பது மீட்டர் தூரத்தில் ஒரு காகித வட்டத்தைக் குறிபார்த்துச் சுடுவது அவருடைய விளையாட்டு. பதினொரு ஆண்டுகளாக அது என் விளையாட்டும்தான்.

வதனி கேட்ட கேள்வியை நானும் ஒரு காலத்தில் கேட்டேன். என் கணவர் புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சு இராணுவத்தில் சேர்ந்து ஓய்வு பெற்றவர். இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் காலமானார். போகும்போது ஒரு துப்பாக்கியை விட்டுப் போனார். 'இருபத்திரண்டு' என்று நாம் சொல்லும் சிறு ரவைத் துப்பாக்கி. ஒரு தடவைக்கு ஒரு ரவை, அதாவது ஒரு தோட்டா. சில மாதங்களில் மாவட்ட அரசு அலுவலகமான பிரெபெக்தூரிலிருந்து கடிதம் வந்தது. "அம்மா, போலீசிடம் கொடுத்துவிடுங்கள்" என்று என் மகன் பிரெஞ்சில் சொன்னான். பங்குக் கோவிலில் என் பக்கத்தில் அமரும் அம்மாள், கால்வாயில் போட்டுவிடு என்றார். நான் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். முப்பத்தொரு வருடம் அரசு அலுவலகத்தில் கோப்புகள் பார்த்தவள். கடிதம் வந்தால் முதலில் அதை முழுவதும் படிப்பேன். துப்பாக்கியை மூன்று மாதத்துக்குள் விற்க வேண்டும் அல்லது ஒப்படைக்க வேண்டும் அல்லது சுடும் உரிமம் பெற்று என் பெயரில் அறிவிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. மூன்றாவது வழியை யாருமே என்னிடம் சொல்லவில்லை. அறுபத்தெட்டு வயதுக் கைம்பெண்ணுக்கு அது பொருந்தாது என்று நினைத்திருப்பார்கள்.

அந்த வழியை விசாரிக்கப் போனபோது துப்பாக்கிக் கடைக்காரர்தான் எனக்குக் குணத்தின் எண்ணைக் கொடுத்தார். "உங்கள் மொழிக்காரர். சட்டம் மீறாதவர்" என்றார். குணம் வந்தார். சப்பாத்தை வாசலில் கழற்றினார். துப்பாக்கியைச் சுவர்ப்பக்கம் திருப்பித் திறந்து, உள்ளே ரவை இருக்கிறதா என்று பார்த்தார். மூடித் திறந்து மறுபடியும் பார்த்தார். பிறகு என் பக்கம் நீட்டினார்.

"மதாம், நீங்கள் பாருங்கோ."

"நீங்கதான் ரெண்டு தடவை பாத்துட்டீங்களே, குணம்."

"முதல் தரம் பாக்கிறது பழக்கத்திலை. ரெண்டாம் தரம் பயத்திலை. எங்கடை கண் எங்களுக்குப் பொய் சொல்லும். மூண்டாம் தரம் மற்ற ஆள் பாக்கோணும். இல்லாட்டி நான் இதைத் தொடமாட்டன்."

பார்த்தேன். வெறுமையாக இருந்தது. "வெறுமை" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே அவர் அதை மேசைமேல் வைத்தார். அந்த வழக்கத்தை அவர் ஒருநாளும் விட்டதில்லை. எங்கள் சுடுதளக் கழகத்தின் தலைவரையே ஒருநாள் கூப்பிட்டு, "மிசியே, பாருங்கோ" என்று நீட்டியிருக்கிறார்.

என் கணவர் உயரமானவர், நான் அப்படியில்லை. துப்பாக்கியின் மரக்கட்டையைத் தோளில் வைத்தால் என் விரல் விசைக்கு எட்டவில்லை. புதிதாக ஒன்று வாங்கச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். "மரத்திலை நான் என்னவும் செய்யலாம் மதாம், சட்டம் ஒண்டும் கேக்காது. குழலிலை, பூட்டிலை கை வைக்கப்படாது. அது கடைக்காரன்ரை வேலை." இப்படித்தான் அவர் சமையற்காரர்களுக்கும் சாரதிகளுக்கும் குறைந்த செலவில் துப்பாக்கி அமைத்துக் கொடுத்தார். கட்டை உடைந்த பழைய துப்பாக்கியைக் கடையிலேயே, அவரவர் பெயரில், முறைப்படி வாங்க வைப்பார். கல்லா மேசையில் மிஞ்சிய பீச் மரத்தில் புதுக் கட்டை இழைத்துப் பொருத்துவார். அவருடைய துப்பாக்கிக்கும் அப்படி இழைத்த கட்டைதான். என் கணவரின் கட்டையில் மூன்று விரல் அகலம் அறுத்துக் குறைத்தார். அறுத்த வாதுமை மரத்துண்டைத் தமிழ்ப் பத்திரிகைத் தாளில் சுற்றி என்னிடம் கொடுத்தார். "ஐயா தோளிலை வச்ச இடம். எறியப்படாது" என்றார்.

உரிமத்துக்காகக் கழகம் வைக்கும் தேர்வு தை மாதத்தில் வந்தது. பாதுகாப்பு விதிகளைப் பற்றி அவர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பிசகில்லாமல் பதில் சொன்னேன். பிறகு சுடுவதற்காகச் சுடுதளத்துக்குப் போனோம். மேலே கூரை உண்டு, முன்பக்கம் திறந்தவெளி. புல்லில் பனி உறைந்து கிடந்தது. ரவையைத் தள்ளி மூடும் இரும்புப் பூட்டை, 'கியூலாஸ்' என்கிறோமே, அதை இழுத்தேன். அசையவில்லை. கழகத் தலைவர் இழுத்தார், அவராலும் முடியவில்லை. பழைய துப்பாக்கி, பழுதாகிவிட்டது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்றார். என் மூன்று மாதத்தில் அப்போது ஒன்பது நாள்தான் மிச்சம் இருந்தது.

குணம் வந்து கியூலாஸை உள்ளங்கையால் தட்டித் தட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி எடுத்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

"மதாம், இதுக்கு என்ன பூசினீங்கள்?"

"எண்ணெய்தான். என் வீட்டுக்காரர் வாராவாரம் எண்ணெய் போடணும்னு சொல்லுவாரு. அதனால விடாம போட்டேன்."

"என்ன எண்ணெய்?"

"தேங்காய் எண்ணெய். நல்ல எண்ணெய்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. "மதாம், துவக்குக்குத் தலைக்கு வச்சிருக்கிறீங்கள்! இன்னும் பின்னித்தான் விடேல்லை."

இந்த ஊரில் குளிர்காலம் வந்தால் தேங்காய் எண்ணெய்ப் போத்தலை அறையைச் சூடாக்கும் வெப்பத் தகட்டின் மேல் வைக்காத தமிழ் வீடு உண்டா? என் வீட்டிலும் அது அங்கேதான் இருந்தது. போத்தலில் உறைவது இரும்பிலும் உறையும் என்று எனக்குத் தோன்றவில்லை. பிரெஞ்சுக்காரர் யாருக்கும் அது என்னவென்று புரிந்திருக்காது. குணம் அந்தக் கியூலாஸை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்துக் கோட்டுக்குள் நுழைத்து, கோழி அடைகாப்பது போல் பத்து நிமிடம் நின்றார். எண்ணெய் உருகி அவர் சட்டையில் வழிந்தது. பிறகு பூட்டையும் அது ஓடும் இடத்தையும் கைக்குட்டையால் துடைத்துத் தன் பையிலிருந்த துப்பாக்கி எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டார். கியூலாஸ் வெண்ணெய் போல் ஓடியது.

"இப்ப சுடுங்கோ. ஒண்டும் யோசிக்காதேங்கோ. மூச்சை விட்டிட்டு, பேந்து விசையைத் தொடுங்கோ."

பத்து ரவை சுட்டேன். ஒன்பது கறுப்பு வட்டத்துக்குள் போயின. தலைவர் கையெழுத்திட்டார். ஒன்பது நாளில் ஐந்து மிச்சம் இருக்க என் அறிவிப்பு பிரெபெக்தூருக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று வீடு திரும்பும்போது ரயிலில் நான் நின்றுகொண்டே வந்தேன். உட்காரத் தோன்றவில்லை.

அதன்பின் ஞாயிறு மதியங்களில் சுட்டு முடித்து ரூ லூயி-பிளாங் தெருவில் சிவநேசனின் உணவகத்தில் கூடுவோம். சிவநேசனும் சுடுபவர், தூரக்கண்ணாடி வைத்த விலையுயர்ந்த துப்பாக்கி வைத்திருக்கிறார். குணம் அவரை விடமாட்டார். "சிவா, உம்மடை துவக்கு கோப்பி போடுமோ?" என்பார். "அண்ணை, உங்கடை துவக்கைத் திருப்பிப் போட்டால் கல்லா மேசை" என்று இவர் சொல்வார். எந்தப் பழைய துப்பாக்கியின் விசை இலகு, எந்த ரவை காற்றில் விலகும் என்று சோறு ஆறும் வரை பேச்சு நடக்கும். சட்டம் மாறினால் நான் படித்துத் தமிழில் சொல்வேன். துப்பாக்கி பெட்டகத்தில் இருக்க வேண்டும், ரவை வேறு பூட்டில் இருக்க வேண்டும், வழியில் கொண்டு போகும்போது உடனே சுட முடியாத நிலையில் இருக்க வேண்டும். யாராவது நடுவில் பேசினால் குணம் கரண்டியால் மேசையில் தட்டுவார்.

அவரிடம் பிடிவாதமும் இருந்தது. ஒருமுறை இணையத்தில் யாரோ விளம்பரப்படுத்திய பழைய துப்பாக்கி ஒன்றை நேரே போய் வாங்கிவர இருந்தார். கடைக்காரர் வழியாகத்தான் வாங்க வேண்டும் என்று சட்டம் மாறிவிட்டதைச் சொன்னேன். "நல்ல சாமான் மதாம், விட்டால் போயிடும்" என்றார். "போனா போகட்டும். உங்க லிசென்ஸ் போனா நான் யாரோட சுடறது?" என்று கேட்டேன். இரண்டு ஞாயிறு என்னோடு பேசவில்லை. மூன்றாம் ஞாயிறு அந்தத் துப்பாக்கியோடு வந்து, கடைக்காரரின் தாளை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "வாசியுங்கோ" என்றார். வாசித்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

வட ரயில் நிலையத்தில் ஒருநாள் போலீசார் அவரை நிறுத்தினார்கள். நானும் உடன் இருந்தேன். துப்பாக்கிப் பையைத் திறக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு தாளாக எடுத்துக் கொடுத்தார். கியூலாஸ் எங்கே என்று கேட்டார்கள். அடுக்குச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். மேல் தட்டில் புட்டு, கீழ்த் தட்டில் துணியில் சுற்றிய கியூலாஸ். போலீஸ்காரர் சிரித்துவிட்டார். "எல்லாம் முறைப்படி உள்ளது, மிசியே" என்று சல்யூட் அடித்தார். குணம் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் சீருடையைக் கண்டால் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போனவர். அன்று ரயில் நடைமேடை முழுவதும் மார்பை நிமிர்த்தி நடந்தார்.

ஈழத்தில் போர் முடிந்த இரண்டாயிரத்து ஒன்பதுக்குப் பின் லா ஷப்பலில் துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே மனிதர்களின் முகம் மாறும். அங்கே அத்தனை பட்ட பிறகு இங்கே எப்படி அதைத் தொடுகிறாய் என்று ஒருவர் அவரை உணவகத்தில் வைத்துக் கேட்டார். குணம் கோபப்படவில்லை. "அங்கை துவக்கு சொன்னதை நாங்கள் கேட்டனாங்கள் அண்ணை. இஞ்சை நான் சொல்லுறதை அது கேக்குது. பூட்டெண்டால் பூட்டிக்கொண்டு கிடக்குது" என்றார். மனித உருவம் வரைந்த தாளைப் பார்த்து அவர் ஒருநாளும் சுட்டதில்லை. வட்டம் மட்டுந்தான்.

இனி வதனிக்கு வருகிறேன். அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்பவள். துப்பாக்கி இருக்கும் பக்கமே போகமாட்டாள். செத்தவீட்டில் உறவினர் எல்லோரும், "பொம்பிளைக்கு ஏன் துவக்கு? குடுத்துத் துலை" என்றார்கள். சிவநேசன் நல்ல மனத்தோடு, தானே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். நான் எட்டாம் நாள் கழிந்தபின் போய் மூன்று வழிகளையும் படித்துக் காட்டினேன். அவள் பெட்டகத்தைத் திறந்து அந்தப் பீச் மரக் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மதாம், அவர் எனக்கு இருக்க ஒரு கதிரை செய்து தரேல்லை. கேட்டுக் கேட்டு நான் களைச்சுப்போனன். இதுக்கு மட்டும் மூண்டு மாதம் இழைச்சவர். இதை நான் ஆருக்கும் குடுக்கமாட்டன்."

துப்பாக்கியைச் சட்டப்படி கடைக்காரரின் பெட்டகத்தில் வைத்தோம். மருத்துவரின் சான்று வாங்கினோம். ஞாயிறு தோறும் கழகத்தின் துப்பாக்கியில் பழகினாள். முதல் நாள் அடுத்தவர் சுட்ட சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். ஐந்தாம் வாரம் ஓடவில்லை.

சென்ற சனிக்கிழமை தேர்வு. கடைக்காரரே குணத்தின் துப்பாக்கியைக் கொண்டு வந்திருந்தார். அன்றும் புல்லில் பனி உறைந்திருந்தது. வதனி துப்பாக்கியை இலக்குப் பக்கம் திருப்பித் திறந்து பார்த்தாள். மூடித் திறந்து மறுபடியும் பார்த்தாள். பிறகு சுற்றிலும் பார்த்தாள். கழகத் தலைவர் நின்றார், சிவநேசன் நின்றார். அவள் என்னிடம் நீட்டினாள்.

"மதாம், நீங்கள் பாருங்கோ."

பார்த்தேன். "வெறுமை" என்றேன். என் குரல் தெளிவாகத்தான் இருந்தது.

பத்து ரவை சுட்டாள். சிவநேசன் தாளைக் கொண்டு வந்தார். எண்ணிவிட்டு, மறுபடியும் எண்ணிவிட்டு, என்னிடம் நீட்டினார். பத்தும் கறுப்புக்குள். தலைவர் நின்றபடியே கையெழுத்திட்டார். வதனி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இவ்வளவு காலமும் ஞாயிறு ஞாயிறாய் இதைத்தான் செய்தவரோ? என்னைக் கூட்டிக்கொண்டு வராமல்! வரட்டும், கேக்கிறன்." சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இரண்டு. ஒன்று, மூன்றாம் தரம் பார்ப்பது. அதை வதனியோடு பகிர்ந்துகொள்கிறேன். அவள் துப்பாக்கியை நான் பார்ப்பேன், என் துப்பாக்கியை அவள் பார்ப்பாள். மற்றது, பத்திரிகைத் தாளில் சுற்றிய அந்த மூன்று விரல் வாதுமை மரம். ஒரு பக்கம் என் கணவரின் தோள் பட்டு மழமழப்பாக இருக்கிறது. மறுபக்கம் குணத்தின் வாள் அறுத்த கோடு நேராக இருக்கிறது. வதனி அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள், கேட்கவும் கேட்டாள். கொடுக்கவில்லை.