சம்பந்திக்கு ஐம்பத்தொன்பது

என் சம்பந்தி என்னோடு பேச்சை நிறுத்தியதற்குக் காரணம் ஒரு விதி. அந்த விதியை நான் எழுதவில்லை. எடுத்துச் சொன்னேன், அவ்வளவுதான். வருவாய்த்துறையில் இருந்த காலமெல்லாம் நான் கண்டது இதுதான்: விதியை எழுதியவரை யாரும் திட்டுவதில்லை. வாசித்துக் காட்டியவன்தான் வாங்கிக் கட்டிக்கொள்வான்.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு அமெச்சூர் ரேடியோ என்ற பொழுதுபோக்கு தொற்றிக்கொண்டது. சொந்தமாக ஒரு வயர்லெஸ் செட் வைத்துக்கொண்டு, அதேபோல் செட் வைத்திருக்கும் இன்னொருவரோடு காற்றுவழியாகப் பேசுவது. அதற்கு மத்திய அரசின் பரீட்சை உண்டு, போலீஸ் விசாரணை உண்டு, உரிமம் உண்டு. கடைசியில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு அழைப்புக்குறி தருவார்கள். காற்றில் அதுதான் நம் பெயர்.

“கையில செல்போன் இருக்கும்போது இது எதுக்குங்க?” என்று மனைவி கேட்டாள்.

செல்போனுக்குப் பரீட்சை கிடையாது என்றேன். அவளுக்கு அது பதிலாகப் படவில்லை. எனக்கு அதைவிட நல்ல பதில் இன்றுவரை தோன்றவில்லை.

எந்த செட், எந்த ஆன்டெனா வாங்குவது என்று முடிவு செய்யுமுன் தங்கச்சிமடம் போனேன். அங்கே ஒரு விசைப்படகு முதலாளி எனக்கு அலுவலகக் காலத்துப் பழக்கம். படகில் இருக்கும் செட் கடலுக்கானது, எங்கள் அலைவரிசை வேறு. ஆனாலும் உப்புக்காற்றில் எந்தக் கேபிள் பிழைக்கிறது, எது பச்சை பூத்துச் சாகிறது என்பதை அவரைவிட யார் சொல்ல முடியும்? இணைப்புகளைச் சுற்றி ரப்பர் டேப் ஒட்டியிருந்த விதத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். போகிற போக்கில், நடுக்கடலில் இதில் என்னதான் பேசுவீர்கள் என்று கேட்டேன்.

“எல்லாம் பேசுவோம் சார். மீன் எங்கன கெடக்குன்னு மட்டும் பேச மாட்டோம்.”

“யாராவது கேட்டால்?”

“ஒண்ணுமில்லன்னுதான் சொல்லுவோம். வலை நெறஞ்சு கெடந்தாலும் ஒண்ணுமில்லதான். கேக்குறவனுக்கும் அது தெரியும். தெரிஞ்சுதான் கேப்பான். அது ஒரு மரியாதை.”

ரேடியோவில் தவறான செய்தி சொல்வது குற்றம் என்று அவருக்கு விளக்கினேன். “கரைக்கு அது சரிதான் சார்” என்றார்.

ராமநாதபுரத்தில் என் வீட்டு மாடியில் இரும்புக் குழாய் நட்டு, அதன் உச்சியில் வெள்ளைக் குச்சி ஆன்டெனாவை நிறுத்தினேன். கேபிளை அளந்து வெட்டினேன். இடிதாங்க மண்ணில் கம்பி இறக்கினேன். எல்லாம் கையேட்டில் சொன்னபடி. பக்கத்து வீட்டுக்காரர் வந்து, எந்தக் கம்பெனி டவர், மாத வாடகை எவ்வளவு தருகிறார்கள் என்று கேட்டார். எதிர்வீட்டம்மாள், முருங்கை காய்க்காததற்குக் காரணம் தெரிந்துவிட்டது என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். கடலோர மாவட்டம் அல்லவா, சாதாரண உடையில் ஒரு காவலரும் வந்தார். அவருக்கு முன்னால் உரிமம், விண்ணப்ப நகல், ஒப்புகை, நினைவூட்டல், நினைவூட்டலுக்கு ஒப்புகை என்று நாடா கட்டிய கோப்பைப் பிரித்து வைத்தேன். பாதிக்குமேல் அவர் பார்க்கவில்லை. “நீங்க உளவாளியா இருக்க மாட்டீங்க சார். உளவாளிக்கு இவ்வளவு பொறுமை இருக்காது” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

இனி சம்பந்திக்கு வருகிறேன். என் மகளைச் சிக்கலில் கட்டிக் கொடுத்திருக்கிறேன். எங்கள் மாவட்டத்து ஊர் ஒன்றின் பெயர்தான் சிக்கல். விளக்கம் கேட்டு யாரும் சிரிக்க வேண்டாம். சம்பந்தி அங்கே மிளகாயும் நெல்லும் போடுகிற சம்சாரி. நிலபுலன் உள்ளவர், வெளிப்படையான மனிதர், அவர் பேசினால் அடுத்த வயலில் நிற்பவர் பதில் சொல்வார். ஒரு பொங்கலுக்கு அங்கே போனபோது என் கையடக்க செட்டையும் கொண்டுபோயிருந்தேன். முற்றத்தில் அவருடைய உறவு முழுக்க உட்கார்ந்திருந்தது. செட்டில் யாரோ இருவர் பேசிக்கொள்வது கேட்டது. சம்பந்தி கையை நீட்டினார்.

“குடுங்க சம்பந்தி, நானும் ஒரு வார்த்தை பேசிப் பாக்குறேன்.”

உரிமம் இல்லாதவர்கள் கேட்கலாம், பேசக்கூடாது என்றேன். பணிவாகத்தான் சொன்னேன். விதியின் எண்ணையும் சேர்த்துச் சொன்னேன்.

நீட்டிய கை அப்படியே நின்றது. அவருடைய தம்பி பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார்: “அண்ணே, நீ சும்மா கேட்டுக்கிட்டு மட்டும் இருக்கணுமாம். பொண்ணு வீட்டுக்காரக சொல்றாக.”

முற்றம் சிரித்தது. சம்பந்தி சிரிக்கவில்லை.

“என் வீட்டுல, என் முத்தத்துல நின்னுக்கிட்டு நான் வாயத் தெறக்க லைசென்சு வேணுமா? சரி. அந்த லைசென்ச வாங்கிட்டுத்தான் இனி இவுககிட்ட பேசுவேன். அதுவரைக்கும் போக்குவரத்துக் கிடையாது.”

இதைச் சபையில் சொல்லிவிட்டார். அதனால் மாற்ற முடியாது.

இதில் நசுங்கியது என் பேரனின் காது. அவர்கள் குலதெய்வம் கோயிலில் அவனுக்குக் காதுகுத்து வைக்க வேண்டும். அதற்குப் பையன் வீட்டார் தாம்பாளத்தோடு எங்கள் வீட்டுக்கு நேரில் வந்து அழைக்க வேண்டும். அழைத்தால்தான் தாய்மாமனாகிய என் மகன் சீர் கொண்டுபோய்க் குழந்தையை மடியில் உட்கார்த்த முடியும். அழைக்காமல் வேறு யாராவது மடி கொடுத்துக் காது குத்திவிட்டால், பிறந்த வீட்டில் ஆள் இல்லாதவள் என்ற பேச்சு என் மகளுக்கு ஆயுசுக்கும் நிற்கும். அதை அந்தத் தம்பியே தினமும் சொல்லிக்காட்டுவார்.

மகள் போனில் அழைத்தாள். “அய்யா, ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டாத்தான் என்ன?”

“விதியைச் சொன்னதுக்கா?”

“கேக்க மாட்டீங்கன்னு தெரியும். மாமா படிக்கிறாக.”

“என்ன படிக்கிறார்?”

“அந்தப் பரீட்சைக்குத்தான். விடியக்காலையில ஓம் விதி, ஓம் விதின்னு சத்தமாப் படிக்கிறாக. பால் கறக்க விட மாட்டேங்குது மாடு.”

சம்பந்தி தேர்ச்சி பெற்றார். முதல் முறையிலேயே. ஆனால் தேர்ச்சி வேறு, உரிமம் வேறு. விசாரணை முடிந்து உரிமம் வரும்வரை அழைப்பு இல்லை, அழைப்பு இல்லாமல் விசேஷம் இல்லை. பூசாரி திரும்பத் திரும்ப வேறு நாள் குறித்துக் கொடுத்தார். சிக்கலில் ஒரு குழந்தையின் காது டெல்லியில் ஒரு கையெழுத்துக்காகக் காத்திருந்தது. நடைமுறையை மதிப்பவன் என்ற முறையில் எனக்கு அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. மனைவிக்கு நிறைய இருந்தது. எல்லாவற்றையும் என்னிடமே சொன்னாள்.

ஒருவழியாக உரிமம் வந்தது. எந்த செட் வாங்கலாம் என்று சம்பந்தி கேட்டார்; என்னிடமல்ல, மகளிடம். நான் மகளுக்குச் சொல்ல, மகள் அவருக்குச் சொன்னாள். சின்னதாக, உறுதியாக, பொத்தான் குறைவாக உள்ளதை வாங்கச் சொன்னேன். கடையிலேயே அதிகப் பொத்தான் உள்ளதை வாங்கினார். கூடவே கையடக்கமாக ஒன்று. கேபிளை அளந்து வெட்டச் சொன்னேன், நீளம் கூடினால் சத்தம் வீணாகும் என்று. “காசு குடுத்து வாங்குனத எதுக்கு வெட்டணும்?” என்று மிச்சத்தைச் சுருட்டிப் பானைக்கு அடியில் வைக்கும் பிரிமணை மாதிரி செட்டுக்கு அடியில் வைத்துவிட்டார். செட் கூடத்தின் நடுவில், கல்யாணப் போட்டோவுக்கு நேர்கீழே. வருகிறவர்கள் பார்க்க வேண்டும் அல்லவா?

மாடியில் ஆன்டெனா ஏற்றியதும் மகள் போட்டோ அனுப்பினாள். பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். அடியிலிருந்து நுனிவரை ஆன்டெனாவைச் சுற்றி இரும்புக் கம்பி. கம்பி நிறைய எலுமிச்சம்பழம், மிளகாய், எலுமிச்சம்பழம், மிளகாய். மிளகாய் அவருடைய வயலில் விளைந்தது.

திருஷ்டி கழிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நூலில் கோத்திருந்தால் சரி. ஆன்டெனா மீது இரும்புக் கம்பியைச் சுற்றுவது பாடுகிறவர் வாயில் துணியை அடைப்பது மாதிரி.

“திருஷ்டி யார் கண்ணுக்கு?” என்று மகளைக் கேட்டேன்.

“ஊர்க்கண்ணுக்குத்தான் அய்யா” என்றாள், கொஞ்சம் தாமதித்து.

பக்கத்தில் இருந்த மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதன்பிறகு நான் என்ன சொல்ல முடியும்? என் கண்ணுக்குக் கட்டியதை அவிழ்த்துவிடுங்கள் என்று நானே ஆள் விட முடியுமா?

நாங்கள் முதன்முதலாகக் காற்றில் பேசக் குறித்த மாலை வந்தது. யார் முதலில் கூப்பிடுவது என்பதில் சந்தேகமே இல்லை. பெண் வீட்டார்தான். அவருடைய அழைப்புக்குறியைச் சொல்லி, என்னுடையதைச் சொல்லி, ஓவர் என்று பொத்தானை விட்டேன்.

எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் பொரிகிற சத்தம். அதற்குள்ளிருந்து, கிணற்றடியில் பேசுவதுபோல் சம்பந்தியின் குரல்: “...வணக்கம்... சம்பந்தி... எனக்கு ரிப்போர்ட்டு எம்புட்டு... ஓவர்.”

ரிப்போர்ட் என்பது மதிப்பெண். எதிராளியின் பேச்சு எவ்வளவு தெளிவு, எவ்வளவு பலம் என்று இரண்டு எண்ணில் சொல்ல வேண்டும். தெளிவுக்கு ஐந்து, பலத்துக்கு ஒன்பது உச்சம். எல்லாம் உச்சமாக இருந்தால் ஐம்பத்தொன்பது. யாரைக் கேட்டாலும் ஐம்பத்தொன்பது என்று தாராளமாகக் கொடுப்பவர்கள் எங்கள் பொழுதுபோக்கில் உண்டு. நான் அவர்களை மதித்ததில்லை. என்னிடம் நாற்பத்தொன்று வாங்கியவர்கள் இரவு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்கள்.

சம்பந்திக்கு உரியது முப்பத்திரண்டு. ஆனால் அந்தக் கூடத்தில் அவருடைய உறவு முழுக்க நிற்கிறது. அந்தத் தம்பி நிற்கிறார். என் மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். செட் அத்தனை பேருக்கும் கேட்கும்படி அலறும். என் மனைவி என் தோளுக்குப் பின்னால் மூச்சுவிடாமல் நின்றாள்.

“ஐம்பத்தொன்பது” என்றேன். “அருமையாகக் கேட்கிறது சம்பந்தி. ஓவர்.”

அந்தப் பக்கம் ஏதோ ஆரவாரம். பிறகு சம்பந்தி பேச ஆரம்பித்தார். நீளமாகப் பேசினார். அப்பளம் பொரிந்துகொண்டே இருந்தது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. ஐம்பத்தொன்பது கொடுத்தவன் திரும்பச் சொல்லுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பான்?

“ரோஜர்” என்றேன். முழுதும் கேட்டது என்று பொருள். “அப்படியே செய்கிறோம். ஓவர்.”

“என்னத்துக்குங்க சம்மதிச்சீங்க?” என்றாள் மனைவி.

“தெரியாது.”

அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். போன் அடித்தது. மகள்தான்.

“அய்யா, நெசமாவே ஒத்துக்கிட்டீங்களா? மாமாவுக்குக் கால் தரையில பாவல.”

“நீயே ஒருதடவை முறையாகச் சொல்லு” என்றேன்.

சொன்னாள். சம்பந்தியம்மாள் எங்களை அழைக்கச் சொன்னாராம். ஆனால் அடுத்தவர் செய்தியை இந்த ரேடியோவில் சொல்வது விதிக்கு விரோதம் என்பதால், சம்பந்தி அதைச் சொல்ல மாட்டாராம்; தம்பதியாகத் தாம்பாளத்தோடு நேரில் வருவார்களாம். விசேஷத்தன்று தாய்மாமன் சீர் ஊர் எல்லையிலிருந்து புறப்படும்போது, நான் செட்டோடு முன்னால் நடந்து ஒவ்வொரு தட்டையும் காற்றில் அறிவிக்க வேண்டுமாம். கோயில் வாசலில் நின்று அவர் ஒவ்வொன்றுக்கும் ஒப்புகை தருவாராம். இந்த ஜில்லாவில் யாருக்கும் நடந்திராத மரியாதை இது என்றாராம்.

அதை நான் நம்பினேன்.

பொது ஒலிபரப்புக்குத் தடை இருக்கிறது. சீர்வரிசை வாசிப்பது பொது ஒலிபரப்பா, தனிப்பட்ட பேச்சா என்று விதிகளைப் புரட்டினேன். நான் அவர் ஒருவருக்குத்தான் சொல்கிறேன், ஊர் காதைத் திறந்து வைத்திருந்தால் அது என் பொறுப்பல்ல என்று எனக்கு நானே ஆணை பிறப்பித்துக்கொண்டேன்.

சொன்னபடி வந்து அழைத்தார்கள். விசேஷ நாளும் வந்தது. நல்ல வெயிலில், சிக்கல் எல்லையில், பட்டு வேட்டியில் நான் செட்டோடு முன்னால் நின்றேன். எனக்காக மேளக்காரர்கள் அடிக்கொருதரம் நிறுத்த வேண்டியிருந்தது. அவர்களுடைய பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

“பழத்தட்டுகள் புறப்பட்டுவிட்டன. ஓவர்.”

“வரட்டும். ஓவர்.”

“குழந்தைக்குப் பட்டு, வெள்ளி அரைஞாண். ஓவர்.”

“வரட்டும். ஓவர்.”

“கிடாய் ஒன்று. வர மறுக்கிறது. ஓவர்.”

“காத்திருக்கோம். ஓவர்.”

மகன் மாலையோடு என் பின்னால் வந்துகொண்டிருந்தான். “அய்யா, கொஞ்சம் வேகமா அறிவிங்க. கால் சுடுது” என்றான்.

கோயில் வாசலை நெருங்கியபோது சம்பந்திக்கும் எனக்கும் நடுவில் ஒரு கட்டில் போடும் தூரம்தான். முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்போதும் அவர் செட்டை வாயருகே கொண்டுபோய்ப் பொத்தானை அழுத்தினார். இவ்வளவு பக்கத்தில் வைத்துப் பேசக்கூடாது, ஊளையிடும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஊளையிட்டது. கிடாய் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. காது குத்துமுன்பே குழந்தை வீறிட்டான். அந்தச் சத்தத்துக்கு நடுவே, அவர் வாயிலிருந்து ஒருமுறையும் என் கையிலிருந்து ஒருமுறையும் கேட்டது:

“வாங்க சம்பந்தி, வாங்க. ரிப்போர்ட்டு எம்புட்டு? ஓவர்.”

“ஐம்பத்தொன்பது.”

“அன்னைக்கும் அதான சொன்னீக?”

“அன்னைக்கும் அதேதான்.”

என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு செட்டைத் தம்பி கையில் கொடுத்தார். கொடுக்கும்போதே, “பிடிச்சுக்க, பேசிராத. ஒனக்கு லைசென்சு கிடையாது” என்றார். குழந்தையை என் மகன் மடியில் வைக்கச் சொல்லி என் மகளை அழைத்தார்.

தம்பி அந்த செட்டைத் தன் உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார். அதன் ஆன்டெனாவிலும் சின்னதாக ஓர் எலுமிச்சம்பழம், இரண்டு மிளகாய். கம்பியில்தான் கோத்திருந்தது. அதைக் காட்டி, எப்படி இருக்கிறது என்று சம்பந்தி கேட்டார்.

ரொம்பப் பொருத்தமாக இருக்கிறது என்றேன்.