ஜெயராணியின் பெயரில் நான் இட்ட பதிவு

ஒரு பெண்ணின் வேலை போனதற்கு நான்தான் காரணம். அவள் செய்யாத தவறு அது, செய்தவன் நான். மூன்றாண்டுகளாக யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

போர்ட் பிளேரில் சிறியதொரு மென்பொருள் நிறுவனம். தீவுகளுக்கிடையே கப்பல் விடும் தனியார் நிறுவனமொன்றுக்குப் பயணச்சீட்டுச் செயலி செய்துகொண்டிருந்தோம். அதைச் சோதித்துப் பிழை கண்டுபிடிக்கும் நால்வருக்கு நான் தலைவன். தலைவன்! சொல்லும்போதே எரிச்சல் வருகிறது.

நால்வரில் ஜெயராணி, தெற்கே இன்னொரு தீவிலுள்ள ஹட் பேயில் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். தோட்ட வேலைக்குப் போகாத முதல் ஆள் அவள். அங்கே இணையம் இருக்கும்... இல்லாமலும் இருக்கும். அது படுத்துவிட்டால் போனில் பிழையைச் சொல்வாள். நான் அவள் கடவுச்சொல்லைப் போட்டு, அவள் பெயரிலேயே பிழைப் பதிவேட்டில் ஏற்றுவேன். முறைகேடுதான். தீவில் வேறெப்படி வேலை நடக்கும்? நீங்களே சொல்லுங்கள்!

செயலி வெளியாக மூன்று நாள் இருக்கையில் அழைத்தாள். கடல் கொந்தளித்துக் கப்பலை வேறு நாளுக்குத் தள்ளினால் எல்லாருடைய சீட்டும் தானாகப் புது நாளுக்கு மாறுகிறது. நோயாளிகளுக்கென ஒதுக்கிய சீட்டு மட்டும் ரத்தாகிவிடுகிறது என்றாள். சென்னையிலிருந்து சோதித்த மற்ற மூவருக்கும் இது தோன்றவே இல்லை. சொன்ன நாளில் கப்பல் கிளம்பிவிடும் என்று நம்புகிற பாக்கியசாலிகள் அவர்கள்!

"சார், இங்க ஜஹாஸ் தள்ளிப் போறது சாதாரணம். இத மட்டும் அவசரம்னு போடுங்க," என்றாள்.

எனக்குப் புரியாமலா போயிற்று? இங்கேயே பிறந்தவன் நான். கப்பலுக்காக நாள்கணக்கில் காத்துக் கிடந்தவன். ஆனால் 'அவசரம்' என்று ஒரே ஒரு பிழை இருந்தாலும் வெளியீடு நின்றுவிடும். கடலுக்கு அப்பால் மெயின்லேண்டில் இருக்கும் மேலாளருக்குக் காலையும் மாலையும் ஒரே கேள்வி: அவசரப் பிழை எத்தனை பாக்கி? பிழை என்னவென்று அந்த மனிதர் ஒருநாளும் கேட்டதில்லை!

அவரைச் சொல்லி என்ன... விரல் என்னுடையது. அவள் பெயரில் நுழைந்து, அந்தப் பிழைக்கு நேரே 'சிறியது, பிறகு பார்க்கலாம்' என்று போட்டேன். அடுத்த வாரம் சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம்! சோதனைக் குழுவை நடத்துகிறவர்கள் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் பொய் அது.

செயலி சொன்ன நாளில் வெளியானது. அடுத்த வாரம் வருவதற்குள் ஹட் பேயிலிருந்து கிளம்பவேண்டிய கப்பல் இரண்டு நாள் தள்ளிப்போனது. சிறுநீரகச் சிகிச்சைக்காகப் போர்ட் பிளேர் வரவேண்டிய பெரியவர் ஒருவரைச் சீட்டில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த கப்பலில் வந்து சேர்ந்தபோது அவருக்கு மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. எப்படியோ பிழைத்துக்கொண்டார். அவர் ஜெயராணியின் தெருக்காரர்.

விசாரணை காணொளியில் நடந்தது. மேலாளர் பதிவேட்டைத் திரையில் காட்டினார். பிழையைக் கண்டுபிடித்தவர் ஜெயராணி; அதைச் சிறியது என்று போட்டவரும் ஜெயராணி. கண்டுபிடித்த பிறகும் எப்படி இப்படிப் போட்டாய் என்று கேட்டார்.

நான் சொல்வேன் என்று அவள் காத்திருந்தாள். கடவுச்சொல்லைப் பிறருக்குத் தந்தாலே வேலை போகும் என்பது விதி. ஆகவே அவளால் வாய் திறக்க முடியாது. அது எனக்குத் தெரியும்... தெரிந்தே என் மைக்கை அணைத்தேன்.

அந்த வாரமே அவளை நீக்கினார்கள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம்! எனக்கோ பதவி உயர்வு! சோதனைக் குழுவை எப்படி நடத்துவது என்று புதியவர்களுக்கு இப்போது நான்தான் வகுப்பெடுக்கிறேன். பிழையைச் சொல்பவரை நம்புங்கள் என்கிறேன். அதையும் குறிப்பெடுத்துக்கொள்கிறார்கள். என்ன பிறவி நான்?

போன மாதம் அவளே அழைத்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பெரியவரின் வீட்டார் இன்னும் அவளோடு பேசுவதில்லையாம். அதன்பின் எந்த வேலைக்கும் அவள் மனுப் போடவில்லையாம். ஒன்றே ஒன்று கேட்கவேண்டும் என்றாள்.

"சார், அன்னைக்கு நான் அவசரம்னுதானே சொன்னேன்? யோசிச்சு யோசிச்சு எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. நான்தான் சின்னதுன்னு சொல்லிட்டேனா?"

மேலாளர் இல்லை, விசாரணை இல்லை, அவளும் நானும் மட்டும். 'ஆமாம், அவசரம் என்றுதான் சொன்னாய்' என்று ஒரு வரி... அது போதும் அவளுக்கு!

"ஞாபகம் இல்லம்மா," என்றேன்.



"டீக் ஹை சார். அப்ப நானாத்தான் இருக்கும்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவள் எண் என்னிடம் இருக்கிறது. இன்றுவரை நான் திருப்பி அழைக்கவில்லை.