வாளியோடு குளித்த மச்சான்

தொண்ணூறுகளில் ஒரு கோடை. கனடாவுக்குப் புதிதாய் வந்த மனைவியின் தம்பியை, அஜின்கோர்ட் வீட்டு டிரைவ்வேயில் நின்ற என் பழைய மோட்டர் ஹோம் என்கிற வீட்டு வண்டியில் தங்க வைத்திருந்தேன். ஷவர் இருந்தும் வாளியில் தண்ணீர் பிடித்து ஊற்றித்தான் குளிப்பான். ஒருநாள் ஷவருக்கு வெளியே தரைப்பலகை ஊறிக் கிடந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“உது என்ன கிணத்தடியே? மாடு மாதிரிக் குளிக்கிறாய்!” என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன்.

பிறகு இரண்டு நாள் அவன் அங்கே குளிக்கவேயில்லை. பலகையோ காயவில்லை. தரையைத் துடைத்து, பேப்பர் விரித்து, ஷவரைத் திறக்காமல் தண்ணீர் பம்பை மட்டும் போட்டேன். பேப்பர் நனைந்தது. சுவர்ப்பலகையைக் கழற்றினால், உள்ளே குழாய் நீளமாய் வெடித்திருந்தது.

“உது என்னெண்டு அத்தான் வெடிச்சது?” என்று பின்னால் நின்று எட்டிப் பார்த்தவன் கேட்டான்.

குளிர்காலத்துக்கு முன் தண்ணீரை வடிக்காமல் விட்ட சோம்பேறி நான். குழாய்க்குள்ளேயே உறைந்து வெடித்திருக்கிறது.

“பழைய பைப்தானே” என்றேன்.

புதுத் துண்டு பூட்டியதும் குளிக்கப் போனான். வெளியே நின்று கேட்டேன். வாளிச் சத்தமே இல்லை. தரை நனையுமென்று பயந்து ஷவரைக் கொஞ்சமாய்த் திறந்திருந்தான்; நூல் மாதிரித் தண்ணீர் விழுந்தது. அன்று எனக்கு என்மேலேயே வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.